அயன் என்ஜினை 30,352 மணி நேரம் ஓட்டிப் பார்த்தது தேவையா?

பட்டறைக்காரன்:
டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துக்கு உதிரியாகச் செய்த அயன் என்ஜினை நாசாவின் ஜேபிஎல் கூடத்தில் 1998 அக்டோபரில் வெற்றிட அறைக்குள் ஓடவிட்டார்கள். நிறுத்தியது 2003 ஜூனில். 30,352 மணி நேரம், 235 கிலோ செனான். செனான் வாயுவை மின்னூட்டமுள்ள அயனிகளாக்கி, மின்னழுத்தத்தால் வெளியே வீசி உந்துவதுதான் அயன் என்ஜின். வடிவமைத்ததோ 8,000 மணி நேரத்துக்கு. இவ்வளவு இழுத்தது வீண் என்பது என் கட்சி. நான் கெபாசிட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவன். சூட்டை ஏற்றிச் சில மாதம் வைத்தால் பல வருட ஆயுளுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். எலக்ட்ரானை விடும் கேத்தோடு தனி, அயனிகளை இழுத்து வீசும் கிரிட் தனி என்று பிரித்து அப்படிச் செய்திருக்கக் கூடாதா?

நெய்தல்:
கிரிட்டில் அது நடக்காது. ஆக்ஸிலரேட்டர் கிரிட் என்பது ஆயிரக்கணக்கான சின்னத் துளைகள் போட்ட மாலிப்டினத் தகடு. துளை வழியே நொடிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் பாயும் அயனிகள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. தேய்ப்பது வேறு ஆள். அயனியாகாமல் கசியும் செனான் அணு, பக்கத்தில் பாயும் அயனியிடம் எலக்ட்ரானைப் பறிகொடுக்கும். வேகமில்லாத இந்தப் புது அயனியை நெகட்டிவ் மின்னழுத்தத்தில் இருக்கும் கிரிட் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மோதிய இடத்தில் மாலிப்டினம் அணு அணுவாகப் பெயரும். துளை அகன்றால் வெளியிலுள்ள எலக்ட்ரான்கள் உள்ளே திரும்ப ஆரம்பிக்கும். அவசரப்பட்டு மின்னழுத்தத்தை ஏற்றினால் அயனிகளின் பாதை மாறும், தேயும் இடமும் மாறும். அப்புறம் நீங்கள் சோதிப்பது வேறொரு என்ஜினை.

பட்டறைக்காரன்:
சரி, கிரிட்டை விடுகிறேன். கேத்தோடு? உள்ளிருக்கும் டங்ஸ்டன் இன்சர்ட்டில் எலக்ட்ரான் வெளிவர உதவும் பேரியம் தீர்ந்தால் கதை முடிந்தது. சூடு கூடினால் சீக்கிரம் தீரும், கணக்குக்கு அடங்கிய விஷயம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான வேலையில் ஹாலோ (குழாய் வடிவ) கேத்தோடு ஒன்றைத் தனியாகத்தானே ஏறக்குறைய 28,000 மணி நேரம் எரித்தார்கள்?

நெய்தல்:
ஜேபிஎல் என்ஜினை நிறுத்தும்போதும் கேத்தோடு எரிந்துகொண்டுதான் இருந்தது. போனது கீப்பர், கேத்தோடுக்கு முன்னால் மூடிபோல நிற்கும் தகடு. முந்தைய 8,200 மணி நேரச் சோதனையில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்த முறை சக்தியை ஏற்றி இறக்கி ஓட்டினார்கள். நடுத்துளை அகன்று அகன்று, கடைசியில் பார்த்தால் தகட்டையே காணோம்! கேத்தோடைத் தனியாக வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? பிறகு வந்த நாசாவின் நெக்ஸ்ட்-சி அயன் என்ஜினில் கீப்பரை கிராஃபைட்டில் செய்தார்கள்.

வான்மணி:
இரண்டு பேரும் வெற்றிட அறையை நம்புகிறீர்கள். என்ன பம்ப் போட்டாலும் அங்கே கொஞ்சம் செனான் தங்கும், அது தேய்மானத்தைக் கூட்டிக் காட்டும். சுவரில் பதித்த கிராஃபைட்டை அயனிக் கற்றை அடிக்க, கார்பன் திரும்பி வந்து என்ஜின்மேல் படியும், அது குறைத்துக் காட்டும். ஹயபுசா விண்கலத்தைப் பாருங்கள். ஜப்பான்காரர்கள் தரையில் 18,000 மணி நேரம் ஓட்டிப் பார்த்த வகை என்ஜின். விண்வெளியில், வெளியேறும் அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்துச் சமன்செய்யும் நியூட்ரலைசர்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன. 2009 நவம்பரில் ஏ என்ஜினின் நியூட்ரலைசரையும் பி என்ஜினின் அயன் மூலத்தையும் (அயனிகளை உண்டாக்கும் பகுதி) ஜோடி சேர்த்து ஓட்டித்தான் 2010 ஜூனில் வீடு வந்தது. அப்படிச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம் சர்க்யூட்டில் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு டயோடு.

பட்டறைக்காரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்? அந்தக் காசுக்கு மாற்று வழியைக் கலத்திலேயே வைக்கலாம்.

நெய்தல்:
எத்தனை மாற்று? டான் விண்கலம் 2007இல் இதே வகை என்ஜின் மூன்றோடும் 425 கிலோ செனானோடும் கிளம்பியது. ஒன்று 235 கிலோ தாங்கும் என்று தெரிந்ததால்தான், இரண்டு போதும், மூன்றாவது ஸ்டெப்னி என்று கணக்குப் போட முடிந்தது. அந்த எண் கையில் இல்லாமல் மூன்றா ஐந்தா என்று சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வது?

பட்டறைக்காரன்:
டான் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடியது ஒரே ஒரு என்ஜின். ஒன்று தாங்கியது, ஆகவே எல்லாம் தாங்கும் என்று எங்கள் பிரிவில் எழுதிக் கொடுத்தால் பேப்பர் மூஞ்சியிலேயே திரும்பி வரும். ஒரு லாட்டுக்கு (ஒரே தடவை தயாரித்த தொகுதிக்கு) 77 கெபாசிட்டரைச் சோதனைக்கு வைப்போம்.

வான்மணி:
77 அயன் என்ஜினா? செனான் பில்லை யார் கட்டுவது, அண்ணே?