140 கணினிகளுக்கு மென்பொருள் அப்டேட்: பென் டிரைவோடு அலையாமல் வழி உண்டா?

நூல்கண்டு:
வணக்கம் நண்பர்களே. கோவையில் தலைமை அலுவலகம், திருப்பூர், கரூர், ஈரோட்டில் கிளைகள், எல்லாம் சேர்த்து சுமார் 140 கணினிகள். எல்லாமே விண்டோஸ் 11 ப்ரோ, டொமைனில் (ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் குழுவில்) இருக்கின்றன. ஐடி என்று சொல்லிக்கொள்ள நானும் ஒரு தம்பியும்தான். பில்லிங் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டால்) கோப்பு, 700 எம்பி. இதுவரை பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், "அக்கா, ஒரு பத்து நிமிஷம் எழுந்திருங்க" என்று கெஞ்சித்தான் போட்டு வந்தோம், கிளைகளுக்கு எனிடெஸ்க் வழியாகத் தொலைவிலிருந்து. இந்த முறை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கச் சொல்கிறார் முதலாளி. குரூப் பாலிசியில் (சர்வரிலிருந்து எல்லாக் கணினிக்கும் உத்தரவு போடும் விண்டோஸ் வசதி) வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்திகூட வரவில்லை. இன்ட்யூன் (மைக்ரோசாஃப்டின் கட்டண நிர்வாகச் சேவை) என்று ஆரம்பித்தால் விலையைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார். என்ன செய்யலாம்?

ரேக்_ராஜா:
குரூப் பாலிசி சத்தமில்லாமல் தோற்றால் முதலில் ஷேர் (கோப்பு இருக்கும் பொது ஃபோல்டர்) அனுமதியைப் பாருங்கள். கணினி பூட் ஆகும்போது இன்ஸ்டால் செய்வது பயனர் அல்ல, சிஸ்டம் கணக்கு. அது நெட்வொர்க்கில் கணினியின் பெயரில்தான் வந்து கதவைத் தட்டும். ஷேரில் "டொமைன் யூசர்ஸ்" மட்டும் இருந்து "டொமைன் கம்ப்யூட்டர்ஸ்" இல்லையென்றால் கோப்பு கைக்கே வராது. இரண்டாவது, நெட்வொர்க் வரும்வரை காத்திருந்து லாகின் காட்டச் சொல்லும் பாலிசி ஒன்று உண்டு, அதை ஆன் செய்யுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினிகள் வைஃபை எழுவதற்குள் லாகினுக்கு வந்துவிடும்.

அப்புறம் கிளைக்கும் கோவைக்கும் இடையிலான நெட் லைன். ஒரு கிளையில் 25 கணினி என்று வையுங்கள். ஒவ்வொன்றும் கோவையிலிருந்து 700 எம்பி இழுத்தால் 17.5 ஜிபி, 20 எம்பிபிஎஸ் முழுவதையும் கொடுத்தாலே ஏறக்குறைய 2 மணி நேரம். ஒரே ஒரு பிரதி கிளைக்குப் போய், அங்கிருந்து உள்ளுக்குள் பிரிந்தால் லைனுக்கு 5 நிமிட வேலைதான். கிளைக்கு ஒரு கணினியில் பிரதி வையுங்கள். விண்டோஸின் கோப்பு நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் ஐபிஜி என்றொரு ஸ்விட்ச் இருக்கிறது, பாக்கெட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அனுப்பும், பகல் நேரத்தில் ஓடினாலும் பில் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

மெதுவடை:
ராஜா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரே ஞாயிறு என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு கோளாறான கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. பிழையான கோப்பை அவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் வினை. முதலில் உங்கள் இருவர் கணினி, பிறகு ஒவ்வொரு துறையிலும் ஒன்று (கணக்குப் பிரிவில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாட்டியிருக்கும் அந்தக் கணினியை விட்டுவிடாதீர்கள், எது உடைந்தாலும் அதில்தான் உடையும்), பிறகு ஒரு கிளை, கடைசியில் மற்றவை.

நூல்கண்டு:
ராஜா அண்ணா, அனுமதிதான் பிரச்சினை, இப்போது இன்ஸ்டால் ஆகிறது, மிக்க நன்றி! மெதுவடை சார், நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் சர்வரை மாற்றிவிட்டால் பழைய கிளையன்ட்டை (கணினிகளில் இருக்கும் பழைய பதிப்பை) அது உள்ளே நுழையவே விடாது என்கிறார் விற்றவர். அதனால் எல்லாம் ஒரே நாளில் மாறியாக வேண்டும். இன்னொரு தொல்லை, சாயங்காலம் கடைசியாகப் போகிறவர் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

கறுப்புத்திரை:
அப்படியானால் மின்சாரமே இல்லாத கணினியை வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாகக் கணினியை ஆன் செய்யும் வசதி) எழுப்பாது, ஞாயிறு இரவுக் கனவை விட்டுவிடுங்கள். கோப்பை அனுப்புவதையும் இன்ஸ்டால் செய்வதையும் பிரியுங்கள்.

முந்தைய வாரமே ஒவ்வொரு கணினியின் சி டிரைவுக்கும் கோப்பு போய்ச் சேர்ந்துவிடட்டும். குரூப் பாலிசி வழியாக ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை), சிஸ்டம் கணக்கில், ரேண்டம் டிலே (கணினிக்குக் கணினி வேறுபடும் தாமதம்) வைத்து. டிலே ஏன் என்றால், கிளையில் பிரதி வைத்திருக்கும் கணினி சாதாரண விண்டோஸ் 11, ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது, உங்களிடம் 25. சர்வரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் பதிப்பு எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். எம்எஸ்ஐயை குரூப் பாலிசியில் நேரடியாகக் கொடுக்காமல் கணினி ஆன் ஆகும்போது ஓடும் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அது அந்த எண்ணையும் தன் எண்ணையும் பார்த்து, வேறாக இருந்தால் சி டிரைவிலிருந்தே போட்டுக்கொள்ளும். ஞாயிறன்று சர்வரை மாற்றி அந்த ஒரு எண்ணைத் திருத்தினால் போதும், திங்கள் காலை யார் ஆன் செய்தாலும் லாகினுக்கு முன்பே புதியது ஏறிவிடும். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்டுக்கு இயல்பாக 10 நிமிடம்தான் வரம்பு, நெட்வொர்க்கிலிருந்து இழுத்தால் பாதியில் நின்றுபோக வாய்ப்புண்டு.

மெதுவடை சொன்ன ஒத்திகையையும் விட வேண்டாம். சர்வரின் நகல் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, அந்தப் பிரிண்டர் கணினி உட்பட நாலைந்தை அதோடு இணைத்துப் பாருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள், அது இருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது, ஸ்கிரிப்ட் ஓடாமல் போகலாம்.

நூல்கண்டு:
அருமை! போட்டதா இல்லையா என்று 140ஐயும் எப்படிச் சரிபார்ப்பது?

ரேக்_ராஜா:
ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் கணினியின் பெயரையும் எக்ஸிட் கோடையும் (இன்ஸ்டாலின் முடிவைச் சொல்லும் எண்) ஒரு ஷேரில் எழுதச் சொல்லுங்கள், கணினிக்கு ஒரு கோப்பு. 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும், அதைத் தோல்வி என்று நினைத்துத் திரும்பப் போட ஆரம்பிக்காதீர்கள். 1618 வந்தால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த பூட்டில் தானே சரியாகும். 1603 என்றால் இன்ஸ்டால் தோற்றது, அது மட்டும்தான் நீங்களோ தம்பியோ நேரில் போக வேண்டியது. ஷேரில் கோப்பே வராதவை யாராவது லீவில் இருக்கும் மேசைகள்.

மெதுவடை:
திங்கள் காலை கிளைகளுக்கு ஒரு வாட்ஸப் போட்டுவிடுங்கள், லாகின் வரத் தாமதமானால் பவர் பட்டனை அழுத்த வேண்டாம் என்று. கட்டாயம் அழுத்துவார்கள்.