துளையோரத்துத் தகைவுக்கு ஒரு சொல் வேண்டும்

வியாழன் இரவு, குன்னூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். விமானத் தகடுகளைப் பற்றி, திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டிய ஒரு வகுப்புக் குறிப்பு கையில் இருக்கிறது, ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். தகைவு (ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை), திரிபு (அதனால் வரும் உருமாற்றம்) இரண்டும் அவர்களுக்குப் பள்ளிப் புத்தகத்திலேயே பழக்கம். சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது.

அகலமான ஒரு தகட்டை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் உள்ளே எங்கும் ஒரே தகைவுதான். நடுவில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு இழுத்தால், இழுக்கும் திசைக்குக் குறுக்கே இருக்கும் இரண்டு ஓரங்களிலும் தகைவு மூன்று மடங்காகிவிடும். 1898-இல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டியது இது. தகடு போதுமான அகலமாக இருக்கும்வரை துளை சின்னதோ பெரியதோ, அதே மூன்று மடங்குதான். பிள்ளைகள் நம்ப மறுப்பது இதைத்தான். விமானத் தகட்டில் சன்னல், கதவு, ஆய்வுத் திறப்பு, ஆணித்துளை என்று எதை வெட்டினாலும் இந்தப் பிரச்சினை கூடவே வருகிறது.

இதற்கு நான் ‘தகைவுச் செறிவு’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி, “உப்புக் கரைசலோட செறிவு மாதிரியா டீச்சர்?” என்று கேட்டாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கரைசலில் செறிவு எங்கும் ஒன்றுபோல் இருக்கும், இங்கே விஷயமே ஒன்றுபோல் இல்லாததுதான். விசைக்கோடுகள் துளையைச் சுற்றி வளைந்து போவதைப் பலகையில் வரைந்தபோது பர்லியாரிலிருந்து வரும் பையன் ஒருவன், “மண் சரிஞ்சு ஒரு பக்கம் அடைச்சா வண்டியெல்லாம் ஓரத்துல நெருக்கிட்டுப் போகுமே, அதானே” என்றான். அதனால் ‘தகைவு நெரிசல்’ என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

வெள்ளி காலை, கோத்தகிரியிலிருந்து

அம்மா, செறிவை அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம். வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக அது அவர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. குறளில் (123) ‘செறிவறிந்து சீர்மை பயக்கும்’ என்று வரும்போது செறிவு அடக்கம். தண்டியலங்காரத்தில் பத்துக் குணங்களில் முதலாவதாக வரும்போது அது நெகிழிசை இல்லாமை, அதாவது தொய்வில்லாத கட்டு. இழுத்த தகட்டில் தொய்வில்லாமல் இறுகி நிற்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்லிவிட முடியும்?

தகைவு என்ற சொல்லையும் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். தகைதல் என்றால் தடுத்தல், கட்டுதல். தகைவு என்றால் தடை, இளைப்பு. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆண்டுதோறும் கூடு கட்டும் குருவிக்குத் தகைவிலான் என்று பெயர். இளைப்பாறாமல் பறந்துகொண்டே இருப்பது, தகைவு இல்லாதது. பறக்கிற பொருளுக்குத் தகைவு இல்லை என்று அந்தப் பெயரை வைத்தவன் கண்ட கனவைத்தானே உங்கள் விமானக்காரர்களும் காண்கிறார்கள்! ‘கெழுதகைமை’ என்று குறளில் வருவதில் உள்ள தகை தகுதியைக் குறிப்பது, இது வேறு. ஆனாலும் காதுக்கு ஒலி ஒன்றுதான். கெழுவையும் தகையையும் வள்ளுவர் சேர்த்தே வைத்திருக்கிறார். ஆகவே அந்த மூன்று மடங்கு, இரண்டு மடங்கு என்கிற எண்ணுக்குக் காரணி என்று வடசொல் போடாமல் ‘செறிவுக் கெழு’ என்றே வையுங்கள். பகுதி ‘தகை’, விகுதி ‘வு’, எந்த இலக்கணத் தடையும் இல்லை.

‘நெரிசல்’ திருவிழாச் சொல், பாடத்துக்கு ஆகாது.

வெள்ளி மதியம், கூடலூரிலிருந்து

ஐயாவின் தகைவிலான் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. என் பெரியப்பா அங்கே தமிழில் விஞ்ஞானம் படித்தவர், அவர் கொண்டுவந்த நோட்டில் தகைவு இல்லை, தகைப்பு. திரிபு இல்லை, விகாரம். ஒரே மொழியில் அடிப்படைச் சொல்லே இரண்டாக இருக்கும்போது அதன் மேல் மூன்றாவது ஒரு சொல்லை நாமே கட்டிவிட்டால், அந்தப் பக்கத்துப் பிள்ளை நம் குறிப்பைப் படிக்க முடியாது. எந்தச் சொல்லை வைத்தாலும் முதல் பக்கத்தில் ‘தகைப்பு என்றும் வழங்கும்’ என்று ஒரு வரி போடுங்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான். செறிவு இரண்டு பக்கமும் புரியும் என்பதால் என் வாக்கு அதற்கு.

வெள்ளி இரவு, ஊட்டியிலிருந்து

இருபத்தாறு வருடம் விமான உடல்தகடு வேலை பார்த்தவன் நான். டீச்சருக்கு என் நன்றி முதலில். இந்தப் பாடம் தமிழில் இல்லாமல்தான் நான் பட்டறையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்.

நெரிசலில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. நெரிசலில் வண்டி நின்றுவிடும், விசை நிற்பதில்லை. இன்னொன்று, நெரித்தல் என்றால் நசுக்குதல். துளையின் பக்கவாட்டு ஓரத்தில் நடப்பது நசுக்கல் இல்லை, இழுவை. நசுக்கல் இருப்பது வேறு இடத்தில்: இழுக்கும் திசையில் துளையின் தலையிலும் அடியிலும், அங்கே தகைவு ஒரு மடங்கு எதிர்ப்பக்கமாக, அமுக்கமாக வரும். மாணவன் நெரிசல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விரிசலை அந்த இடத்தில் தேடினால் ஆபத்து. நான் சொல்வது ‘தகைவு ஏற்றம்’. ஓரத்தில் தகைவு ஏறுகிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் நாங்கள் இதற்குப் பெயரே வைத்ததில்லை. “மூலையைக் கூரா விடாதே, ரேடியஸ் கொடு” என்போம், அதில் எல்லாம் அடங்கிவிடும். இங்கே தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர்களும் விரிசல் விட்ட தகட்டில் விரிசலின் நுனியில் ஒரு ஹோல் போடுவார்கள், மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். துளையை வைத்தே விரிசலை நிறுத்துவது எப்படி என்று மாணவர்கள் கேட்டால், 1913-இல் ஆங்கிலேயப் பொறியாளர் இங்கிலிஸ் நீள்வட்டத் துளைக்குச் சொன்ன கணக்கைக் காட்டுங்கள். விசைக்குக் குறுக்கே இருக்கும் அரை அச்சை மற்ற அரை அச்சால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வட்டத்துக்கு மூன்று வரும். விரிசல் மாதிரி மெல்லியதாக ஆக ஆக எண் எங்கேயோ போய்விடும். நுனியில் போடும் துளை அந்தக் கூர்மையை எடுத்துவிடுகிறது.

நடுவானில் உடைந்துபோன காமெட் பயணிகள் விமானங்களைப் பற்றிக் கண்டிப்பாக எழுதுங்கள், ஆனால் ‘சதுர சன்னலால் உடைந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 1954 ஜனவரி 10-இல் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரல் 8-இல் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. எல்பா கடலிலிருந்து எடுத்த துண்டுகளில் விரிசல் தொடங்கியிருந்தது பயணிகள் சன்னலில் இல்லை, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்து ஆணித்துளையில். திறப்பு ஒரு தகைவை ஏற்றுகிறது, அதன் ஓரத்திலேயே ஆணித்துளை அதன் மேல் இன்னொன்றை ஏற்றுகிறது, ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உலோகம் களைத்துப்போகிறது. மூன்றும் சேர்ந்துதான் அது.

சனி காலை, கோத்தகிரியிலிருந்து

ஊட்டி அண்ணன் ‘தகைவு ஏற்றம்’ என்று பிரித்தே எழுதிவிட்டார். சேர்த்தால் தகைவேற்றம். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்று குற்றியலுகரத்துக்குச் சொன்ன நன்னூலார், ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று முற்றியலுகரத்துக்கும் இடம் விட்டிருக்கிறார். அதே வழியில், தகைவை ஏற்றிவிடுகிற துளை, காடி, கூர்மூலை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘தகைவேற்றி’ என்று ஒரு சொல் கிடைக்கிறது பாருங்கள். ஆனால் நிகழ்வுக்கு நான் செறிவுதான் சொல்வேன். ஏற்றம் என்றால் பிள்ளைகளுக்குக் கிணற்றடி ஞாபகம் வரும்.

சனி மாலை, குன்னூரிலிருந்து

தகைவேற்றிக்கு இரண்டு கையையும் உயர்த்துகிறேன், ஐயா. கிணற்றடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த மலையில் பிறந்த பிள்ளைகள் ஏற்றம் இறைத்த கிணற்றைப் பார்த்ததே இல்லை, அவர்களுக்கு ஏற்றம் என்றால் கொண்டை ஊசி வளைவு.

ஊட்டி ஐயா சொன்ன தடை நியாயமானது. நேற்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நெரிசலை விட மனம் வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன். செறிவு, ஏற்றம் இரண்டும் ‘எவ்வளவு’ என்று சொல்கின்றன. நெரிசல் ‘ஏன்’ என்று சொல்கிறது. ஏன் என்று தெரிந்த பிள்ளை புதிதாக ஒரு திறப்பைப் பார்த்தாலும் எங்கே விரிசல் விடும் என்று தானே கண்டுபிடித்துவிடும். இன்று வகுப்பில் பழைய எல்.சி.டி. கணினித் திரைக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோணமானியைப் பிடித்து, போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னேன். வளைக்க வளைக்க, துளையைச் சுற்றி வண்ணக்கோடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து கூடின. ஒருத்தர்கூடச் செறிவு என்று சொல்லவில்லை, ஏற்றம் என்றும் சொல்லவில்லை. “நெருங்குது, நெருங்குது” என்றார்கள். நசுக்கல் என்ற பொருள் வராமல் இருக்கத் ‘தகைவு நெருக்கம்’ என்று மாற்றிக்கொள்ளலாமா?

சனி இரவு, கூடலூரிலிருந்து

நெருக்கம் என்றால் உறவு நெருக்கம்தான் முதலில் வரும். போதும் டீச்சர், இது இன்னொரு புதுச் சொல். இதுவரை எழுதியவர்களில் செறிவுக்கு இரண்டு பேர், நெரிசலுக்கும் நெருக்கத்துக்கும் சேர்த்து நீங்கள் ஒருவர், ஏற்றத்துக்கு ஒருவர். செறிவையே வைத்து அச்சுக்குக் கொடுங்கள்.

ஞாயிறு காலை, குன்னூரிலிருந்து

சரி. தலைப்பில் ‘தகைவுச் செறிவு’, அதற்குக் கீழே ‘தகைப்பு என்றும் வழங்கும்’. கரைசலின் செறிவு போல எங்கும் ஒன்றாக இருப்பது இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன், விளக்கம் வரும் இடமெல்லாம் விசைக்கோடுகள் நெருங்குகின்றன என்றே வைத்திருக்கிறேன். அதை நான் மாற்றப் போவதில்லை. எண்ணுக்குக் கெழுவும் இல்லை, காரணியும் இல்லை, ‘செறிவு மடங்கு’. மூன்று மடங்கு என்று வாயில் வரும் சொல்லே போதும். கோத்தகிரி ஐயா மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு மதியம், ஊட்டியிலிருந்து

செறிவு என்று நான் எழுதப் போவதில்லை, ஆனால் உங்கள் குறிப்பைத் தடுக்கவும் மாட்டேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். ஏழாம் பக்கத்துப் படத்தில் சன்னல் படுத்திருக்கிறது, அதை அச்சுக்குப் போகும் முன் மாற்றுங்கள். காற்றழுத்தம் ஏற்றிய உருளையில் சுற்றுவாட்டுத் தகைவு நீளவாட்டுத் தகைவைப்போல் இரண்டு மடங்கு. அதில் வட்டத் திறப்பு வெட்டினால் ஓரத்தில் சுற்றுவாட்டுத் தகைவின் இரண்டரை மடங்கு வரும். உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கான நீள்வட்டத்தை நிற்கிற வாக்கில் வெட்டினால் ஓரம் முழுக்க ஒரே அளவாக ஒன்றரை மடங்குதான். விமானச் சன்னல்கள் பெரும்பாலும் உயரமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். படுக்க வைத்து வரைந்தால் பாடம் முழுக்கத் தலைகீழாகிவிடும்.

ஞாயிறு இரவு, குன்னூரிலிருந்து

நிமிர்த்திவிட்டேன் ஐயா. அந்த இரண்டரையும் ஒன்றரையும் படத்துக்குக் கீழே சேர்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது.