ஐப்பசி மழைக்கப்புறம் கண்மாய்க்கரை, மலையடிவாரம் பக்கம் என்ன பாத்தீங்க?

மேலூர்க்காரன்:
மதுரப் பக்கம் சாமநத்தம் கண்மாய், சாயங்காலம், சூறைக்குருவி (ரோஸி ஸ்டார்லிங்) அடைய வர்ற நேரம், எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான். ஆனா அன்னிக்கு நடுவுல ஒரு வல்லூறு பாஞ்சுச்சு. மொத்தக் கூட்டமும் சட்டுன்னு சுருங்கி உருண்டையாகி, பெறவு விரிஞ்சு என் தலைக்கு மேலயே திரும்புச்சு, முறத்துல அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுல ஒண்ணு மட்டும் பிரிஞ்சு வந்து என் காலுக்குப் பக்கத்துல புல்லுல விழுந்துச்சு. வாயத் தொறந்து மூச்சு வாங்குது, ரோஸ் கலர் நெஞ்சு மேலயும் கீழயும் அடிக்குது. நான் அசையவே இல்ல. மத்திய ஆசியாவுல குஞ்சு பொரிச்சிட்டு இம்புட்டு தூரம் வந்த உசுரு, இங்க கரையில கெடக்குதேன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் பறந்துருச்சு, ஆனா கூட்டம் போன பக்கம் போகல, எதுத்தாப்புல வயக்காட்டுப் பக்கம் போச்சு. அதத்தான் இன்னும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்.

கருப்பாயூரணி:
அண்ணே, அதுக அடையுறது சீமைக்கருவேலத்துல தானே? போன தடவ இங்கதான் சீமைக்கருவேலத்த வேரோட புடுங்கணும்னு எழுதுனீங்க. 2017ல ஐகோர்ட் மதுரைக் கிளை வெட்டச் சொன்னப்ப எங்க ஊர் ஊரணியில ஜேசிபி விட்டு மொத்தமா அள்ளுனாங்க. மறுநா காலையில கொக்கு எல்லாம் வெறும் கரையில வரிசையா நின்னுச்சு, ஒண்ணுகூட தண்ணியில எறங்கல. எனக்கு அந்த மரம் புடிக்கும்னு சொல்லல, ஆனா அத நேர்ல பாத்தவன் நான்.

திருப்பத்தூர்_ரோடு:
சண்ட வேணாம்ணே, நான் ஒண்ணு சொல்றேன். தீபாவளிக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம், கொள்ளுகுடிப்பட்டி. பக்கத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977லயே அறிவிச்சது, பறவைங்களுக்காக அங்க வெடி போட மாட்டாங்கங்கிறது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு போறது வேற, தீபாவளி விடியக்காலம் அங்க நிக்கிறது வேற. நத்தைகொத்தி நாரைங்க அலகு தட்டுற சத்தம் மட்டுந்தான் கேக்குது. என் பையன் பையில வச்சிருந்த சரத்த எடுத்தான், பக்கத்து வீட்டுச் சின்னப் புள்ள, ஒண்ணாவது படிக்கும் போல, ஓடி வந்து அவன் கையப் புடிச்சுக்கிட்டு "வேணாம்ணே, அடையில இருக்குறது எந்திரிச்சுரும்"னுச்சு. யாரும் சொல்லிக்குடுத்து ஒப்பிச்ச மாதிரி இல்ல. பையன் பேசாம சரத்த உள்ள வச்சுட்டான்.

நாகமலை_அம்மா:
நல்ல புள்ள. எங்க பக்கம் வேலியில இப்ப கண்வலிக்கிழங்கு பூத்துக் கெடக்கு, அதாம்பா செங்காந்தள். பேத்தி அடிக்கெழங்கத் தோண்டிக் கையில வச்சிருந்தா, நான் தட்டி விட்டேன், அழுதா. அதனால சொல்றேன், புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறவங்க கேளுங்க: பூவ தூரமா நின்னு பாக்கச் சொல்லுங்க, கெழங்கு கொடிய விஷம், கொஞ்சம் வயித்துக்குள்ள போனாலும் உசுருக்கு ஆபத்து. வாயில வச்சுட்டா வீட்டு வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி, மிச்சம் இருக்குற கெழங்கையும் கையோட கொண்டு போங்க, டாக்டருக்கு அடையாளம் தெரியணும். அப்புறம் மழைக்குப் பெறகு புல்லு முட்டி வரைக்கும் நிக்குது, கண்ணாடி விரியன் இருக்கும், செருப்போட கரையில எறங்காதீங்க, ஷூ போடுங்க, இருட்டுனா டார்ச் இல்லாம நடக்காதீங்க. போன்ல பறவ சத்தத்தப் போட்டு வரவைக்காதீங்கப்பா, பாவம்.

வைகைக்கரை:
நான் சொல்றது மதுர இல்ல, தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனை. இங்கருந்து ராத்திரி கெளம்பி விடியுறப்ப போய்ச் சேந்தோம். மணல்ல ராவணன் மீசைங்கிற கடக்கரைப் புல்லு காஞ்சு, முள்ளு உருண்ட பிச்சுக்கிட்டு காத்துல உருண்டு ஓடுது. அது ஓடுற வழியில ஒரு நண்டு வளையில இருந்து தலைய நீட்டுச்சு, உருண்ட நேரா போய் வளை வாய அடச்சுருச்சு. நண்டு உள்ளருந்து தள்ளித் தள்ளிப் பாத்துச்சு. நான் எடுத்து விட்டேன், அதுல யாருக்கும் ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க.

மேலூர்க்காரன்:
எடுத்து விட்டது சரிதான் தம்பி. கருப்பாயூரணி, நான் எழுதுனத முழுசாப் படிங்க. முதல்ல நாட்டுக் கருவேலம் வைக்கணும், அது வளந்து பறவ அதுல அடையட்டும், அதுக்கப்புறம் பகுதி பகுதியா சீமைய எடுக்கணும்னுதான் எழுதுனேன். ஒரே நாள்ல ஜேசிபி விடுறத நானும் எதுக்குறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு சாமநத்தம் வாங்க, மரத்தக் காட்டியே பேசுவோம்.