தண்டையார்பேட்டை பிளாட்: இன்றே விலையைக் கூட்டி டோக்கன் போடலாமா?

வாடகை வீட்டுக்காரன்:
தண்டையார்பேட்டை மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய பிளாட் பார்த்திருக்கிறோம். முதல் மாடி, கார் நிறுத்த இடமில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் இருக்கிறது, கேட்பது 70 லட்சம். இன்னொரு பார்ட்டி 71 வரை வந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் 2 லட்சம் ரொக்கமாக டோக்கன் (முன்பணம்) போட்டு 72 என்று சொன்னால் முடித்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர். உள்ளே போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. என்ன செய்யலாம்?

ராயபுரத்தான்:
போடுங்கள் தம்பி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, ஸ்டேஷன் பக்கத்தில் விற்பனைக்கு வரும் வீடு ரொம்ப நாள் நிற்பதில்லை. 2 லட்சத்துக்கு யோசித்துவிட்டு, அடுத்த வருஷம் இதே தெருவில் இன்னும் கூடுதலாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கொளத்தூர் அக்கா:
யோசிக்காமல் போடச் சொல்லாதீர்கள் அண்ணே. கட்டடம் பழசு, வீட்டுக்கு மதிப்புப் போட வரும் பேங்க் வேல்யூவர் 72 போட மாட்டார். 66 என்று போட்டால் அதில் 80 சதவீதம்தான் கடன், அதாவது 52 லட்சத்து 80 ஆயிரம். மீதி 19 லட்சத்து 20 ஆயிரம் கைக்காசு. அப்புறம் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 6 லட்சத்து 48 ஆயிரம். மொத்தம் 25 லட்சத்தைத் தாண்டுகிறது. வேல்யூவர் சொன்னதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொரு லட்சமும் முழுசாக உங்கள் பையிலிருந்துதான் போகும், பேங்க் ஒரு ரூபாய் தராது. அதை எங்கே புரட்டுவீர்கள், நகையை வைத்தா?

ராயபுரத்தான்:
கணக்கு சரிதான். ஆனால் விற்கிறவர் உங்கள் பேங்குக்காகக் காத்திருக்க மாட்டாரே? வக்கீல் பத்திரங்களை லீகல் பார்த்து, வேல்யூவர் வந்து, கடன் சாங்ஷன் ஆகி... அதற்குள் கைக்காசு வைத்திருக்கிற வியாபாரி ஒருவர் முடித்துவிட்டுப் போய்விடுவார். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

பழைய வண்ணை:
விற்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன். அம்மா காலமான பிறகு அவர் வீட்டை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து விற்றோம். அதிக விலை சொன்னவருக்குக் கொடுக்கவில்லை. அவர் முழுப் பணத்தையும் மூத்தவரிடம் தருகிறேன், நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்; தங்கைகள் இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது. இன்னொருவர் லோன் சாங்ஷன் லெட்டரோடு வந்து, பத்திரம் பதியும் அன்றைக்கே நான்கு பெயருக்கும் தனித்தனி டி.டி. என்றார். விலை குறைவுதான், ஆனாலும் அவருக்கே கொடுத்தோம். உங்களுக்கும் மூன்று பேர். புரோக்கரை விட்டுவிட்டு அவர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள், யாருக்கு என்ன அவசரம் என்று அங்கேதான் தெரியும்.

ராயபுரத்தான்:
உங்கள் குடும்பம் அப்படி, எல்லா குடும்பமும் அப்படி இல்லை. மூன்றாகப் பிரிக்கும்போது ஆளுக்கு எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரொக்கம் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், கூட்டவே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொளத்தூர் அக்கா:
ரொக்கம் கூடவே கூடாது. வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் உங்களிடமும் ஆதாரம் இருக்காது. செக்காகக் கொடுங்கள், மூன்று பேரும் கையெழுத்துப் போடட்டும், லீகலில் வில்லங்கம் வந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும், மூன்று பேரின் பான் எண்ணையும் இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் போக்கியத்தைப் பேசவே இல்லையே! பதியாத போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று அவர்களிடமே நேராகக் கேளுங்கள். ஓனர்களிடம் அந்தப் பணம் கையில் இல்லாமல்தான் பல வீடுகள் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. உங்கள் அட்வான்ஸிலிருந்து அதை நேராக அவர்கள் கணக்குக்குப் போட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். 72 சொல்கிறவரைவிட உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். போகும்போது கீழே இ.பி. மீட்டர் பெட்டியையும் பாருங்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அதே குடும்பம் சொல்லிவிடும்.

வாடகை வீட்டுக்காரன்:
புரோக்கரிடம் இன்று டோக்கன் இல்லை என்று சொல்லிவிட்டேன், கோபப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் பார்க்கிறோம். பேங்கில் சம்பளச் சீட்டு கொடுத்தாகிவிட்டது, எவ்வளவு வரை தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போகிறேன். 70, போக்கியப் பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தனித்தனி டி.டி. என்று ஆரம்பிக்கப் போகிறேன்.

ராயபுரத்தான்:
71 என்று ஆரம்பியுங்கள் தம்பி. அந்த ஒரு லட்சத்துக்காக ஞாயிறு வரை எவன் வந்து நிற்பான் என்று பயந்துகொண்டு இருக்க வேண்டாம்.

கொளத்தூர் அக்கா:
70 போதும். மூலப்பத்திர நகலைக் கேட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.