புதுப்பிப்பு: விண்கலமும் மந்திரவாதியும் ஒரே விளையாட்டில்

திருகோணமலையில் நாங்கள் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். துறைமுகத்துக்குள் ஒரு விண்கலம் விழுந்து கிடக்கிறது, கரையில் மந்திரவாதிகள். மந்திரத்தால் எல்லாம் முடியுமென்றால் விண்கலம் எதற்கு என்பதுதான் அப்போதைய கேள்வி. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது கதை ஓடுகிறது.

முதலில் விண்கலத்தை இயற்பியலுக்குக் கட்டுப்பட வைத்தோம். கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். சிவப்பு ஒளியும் சில மீட்டரிலேயே மங்கிவிடும். நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்குப் போகும். ஆகவே அடியில் சிக்கியவர்களால் கரையோடு பேச முடியாது, அவர்களின் சிவப்பு லேசரும் உதவாது. மந்திரவாதி அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறார்.

அப்புறம் மந்திரத்துக்கும் விலை வைத்தோம். சும்மா நெருப்பு வராது, வெப்பத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை அல்லவா, அதையே கணக்காக்கினோம். பெரிய மந்திரம் போட்டால் ஒரு கிணறு ஆறிப்போகும். போன ஆட்டத்தில் மந்திரவாதியாக ஆடிய தம்பி விண்கலத்தின் கதவை உருக்கித் திறந்தான். உடனே கதையில் குளிக்க வந்த ஆச்சி ஒருத்தி வாளியைப் போட்டுவிட்டு, "ஆர் இந்த வேலை பார்த்தது?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவன் யோசித்துத்தான் மந்திரம் போடுகிறான்.

தீராதது ஒன்று இருக்கிறது: விண்கலத்தின் அணு உலையிலிருந்து வெப்பத்தை எடுக்கலாமா? எடுக்கலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் எடுத்தால் கலம் முழுக்க இருட்டாக வேண்டும். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?