தண்டுவடம் அடிபட்ட பிறகு உடற்பயிற்சி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

சாயல்குடி பக்கம், பனையேறி:

பதநீர் இறக்க ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன் நான். காலையில் வீல்சேரைத் திண்ணையோரம் நிறுத்தி, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்வேன். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “இப்படிச் செஞ்சா நடந்துருவியா?” இல்லை என்றால், “அப்புறம் எதுக்குப்பா உடம்பை வருத்திக்கிற?” என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாசம் எத்தனை பேரைக் கட்டிலோடு கிடத்திவிட்டது என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு தம்பி, அவனும் மரத்திலிருந்து விழுந்தவன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை சொன்ன பயிற்சியெல்லாம் செய்திருக்கிறான். கால் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். தண்ணீர் டம்ளரைக்கூட அம்மாதான் வாயருகே கொண்டுபோவார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. “கால் வராதுன்னா கையை வச்சு என்னண்ணே செய்ய?” என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. வீல்சேரைக் கட்டிலை ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டேன். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கித் தரையில் வைத்தேன். இழைத்த பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையை அவன் மெத்தைமேல் போட்டு, கையூன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்த்தி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன், “கக்கூஸுக்கும் இப்படியேதான் போவீகளா?” என்று கேட்டான். போவேன், யாரையும் கூப்பிட மாட்டேன் என்றேன். மறுநாள் போன் பண்ணி, பலகை என்ன நீளம், என்ன அகலம் என்று விசாரித்தான். உங்கள் பக்கம் எப்படி?

பாம்பன், மீனவர் வீடு:

என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில் கால் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். “பாரு, உயிர் வருது” என்பார். அந்த நம்பிக்கையில் எண்ணெய்க்கும் தைலத்துக்கும் கொட்டிய பணம் கொஞ்சமில்லை. வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகுதான் பிசியோ (இயன்முறை சிகிச்சை தருபவர்) வீட்டுக்கு வந்தார். அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் மூளையின் கட்டளை இல்லாமலே காலை இழுக்கிறது, அது குணமாவதன் அடையாளம் இல்லை என்று பக்குவமாகச் சொன்னார். மூட்டு இறுகாமல் இருக்கக் காலைத் தினமும் மெதுவாக நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தார். இவர் பல நாள் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

மனசை மாற்றியது வலைதான். கிழிந்த வலையைப் பொத்த வேண்டுமென்றால் சாயாமல் உட்கார வேண்டும், ஒரு கையால் வலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்காக நிமிர்ந்து உட்காரப் பழகினார். பயிற்சி என்று சொன்னால் இன்றைக்கும் முறைப்பார். வலை என்றால் வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது போதும்.

மண்டபம் வட்டாரம், வீடுகளுக்குப் போகும் பிசியோ:

அந்த அக்கா சொன்னது சரி. எதற்காகச் செய்கிறோம் என்பது அவரவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். எவ்வளவு செய்வது என்று கேட்பவர்களுக்கு: 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, உடல்திறனுக்கு வாரம் 2 முறை 20 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான பயிற்சி, அதோடு வாரம் 2 முறை தசை வலுப் பயிற்சி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்றால் வாரம் 3 முறை 30 நிமிடம். இதைக் கேட்டதும், “இவ்வளவுதானா?” என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பையன் ஆர்வக்கோளாறில் மத்தியானம் ரோட்டில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய் மயங்கி விழப் பார்த்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு இறங்காது. விடியற்காலையில் செய்யுங்கள், ஈரத்துண்டு பக்கத்தில் இருக்கட்டும். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியபட்டினம், சங்கு குளிப்பவரின் தம்பி:

எங்கள் காக்கா (அண்ணன்) விழவில்லை. கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கி ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர், சட்டென்று மேலே வந்துவிட்டார். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகித் தண்டுவடத்தைத் தாக்கிவிட்டது. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று உம்மா அவரை அசையவே விடவில்லை. உட்காரும் இடத்தில் புண் வந்ததுதான் மிச்சம். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கையூன்றி இடுப்பைத் தூக்கினால் அதைத் தடுக்கலாம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் அமர் சேவா சங்கத்துக்குக் கூட்டிப்போனோம். அதை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனே 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அதைக் கேட்ட பிறகு காக்கா என்னிடம் பேசிய பேச்சே வேறு.

இப்போது அவருக்குக் கடலில் இறங்க வேண்டும். தண்ணீரில் உடம்பு லேசாகும், கை வீசலாம் என்கிறார். சென்னை மெரினாவில் 2022-ல் வீல்சேர் போக மரப்பாதை போட்டார்கள். நம் அரியமான் கடற்கரைக்கும் அப்படி ஒன்று கேட்டு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சாயல்குடி அண்ணன், பாம்பன் அக்கா, நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?