டெங்குவுக்குப் பிறகு சிறுநீர் பிரியவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி:
டெங்குவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் தம்பிக்கு (வயது 31), காய்ச்சல் விட்ட பிறகு சிறுநீர் பிரியவே இல்லை. அடிவயிறு உப்பி இறுகிவிட்டது. குழாய் செருகியதும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வடிந்தது. குழாயை எடுத்தால் மறுபடியும் அதே நிலைதான். ஸ்கேனில் கல்லோ, புராஸ்டேட் வீக்கமோ தென்படவில்லை. சிறுநீர்க் கல்ச்சரில் கிருமியும் வளரவில்லை. வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் கொடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் 1 (சிறுநீரியல் மருத்துவர்):
இவை சிறுநீரைப் பெருக்குமே தவிர, வெளியேற்றாது. வழி திறக்காதபோது வலிதான் கூடும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். ஒரு லிட்டர் தேங்கினால் அதன் தசை இழுபட்டுத் தளர்ந்து, சில நாள்கள் சுருங்க மறுப்பதுண்டு. சளி மாத்திரைகளில் உள்ள சில மருந்துகளும் இப்படித் தேக்கிவிடும். ஆனால், இளம் வயதில் அடைப்பு எதுவும் இல்லாமல் இப்படி நிகழ்ந்தால், சிறுநீர்ப்பையை விட்டுத் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். டெங்குவுக்குப் பிறகு அரிதாகத் தண்டுவடம் அழற்சியுற்று, சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புச் செய்தி தடைபடும். கால்கள் தளர்கின்றனவா, மலச்சிக்கல் உள்ளதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். புட்டத்தில் அக்கிக் கொப்புளங்கள் உள்ளனவா என்றும் பாருங்கள்; அந்த வைரஸும் அடிமுதுகு நரம்புகளைத் தாக்கிச் சிறுநீரைத் தடுப்பதுண்டு.

பதில் 2:
என் அண்ணிக்கும் டெங்குவுக்குப் பின் தண்டுவட அழற்சிதான். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நடை சீக்கிரம் திரும்பியது, சிறுநீர்தான் கடைசியில் சரியானது. அதுவரை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே மெல்லிய குழாய் செருகி வடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். நிரந்தரக் குழாயைவிட இதில் தொற்று குறைவு என்றார் செவிலியர். முதலில் எங்களுக்கெல்லாம் கூச்சமாக இருந்தது, அவருக்குத்தான் இல்லை.

கேள்வி கேட்டவர்:
விசாரித்தேன். மலம் கழித்துக் கழுவும்போது தொடுவதே தெரியவில்லை என்கிறான். நாளை மறுநாள் புறநோயாளிப் பிரிவில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது.

பதில் 1 (சிறுநீரியல் மருத்துவர்):
அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே நரம்பியல் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். டெங்கு பரிசோதனை முடிவுகளையும் கடைசித் தட்டணு எண்ணிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தட்டணு குறைவாக இருந்தால், தண்டுவடத்தில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். பரிசோதனைக்காக முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுப்பதையும் தள்ளிவைக்கக்கூடும்.